அஸருக்குப் பிறகு உன் முறை

தங்கச்சி இன்றைக்குத் தந்த தேத்தண்ணி உப்புக் கரித்தது மச்சான்.

பவுசர் லொறியில் வருகிற தண்ணீரில் போட்ட தேத்தண்ணி என்றால் முதல் மிடறிலேயே தெரிந்துவிடும். அதில் ஒரு பிளாஸ்டிக் வாடை இருக்கும். இது அதுவல்ல. குசினிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். உன் கிணற்றின் கப்பியில் வாளி மறுபடியும் தொங்கியது. நீ கண் மூடிய அன்றைக்கு அவள் கழற்றி மூலையில் கவிழ்த்து வைத்த வாளி. இத்தனை காலம் கழித்து அதைக் கழுவி, புதுக் கயிறு கட்டியிருக்கிறாள். தண்ணீர் அள்ளிக் கொதிக்க வைத்து, என்னைத்தான் முதலில் குடிக்க வைத்துப் பார்க்கிறாள்.

"எப்படி நானா?" என்று கதவு நிலையைப் பிடித்தபடி இந்த அண்ணனைக் கேட்டாள்.

"நல்லாருக்கு."

"பொய் சொல்லாதீங்க. சீனிய அள்ளிப் போட்டிருக்கேன். அதுதான் நல்லாருக்கு."

எனக்குச் சீனி வருத்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் போட்டிருக்கிறாள் என்றால் உப்பை மறைக்க வேறு வழியில்லை என்றுதான் அர்த்தம். நான் கோப்பையைக் காலி செய்தேன். அதற்குப் பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. நேரே மோட்டர்க் கொட்டிலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். அஸர் பாங்கு சொல்லித் தொழுகையும் முடிந்துவிட்டது. மோட்டர் ஓடவில்லை. இது உன் முறை நேரம், அதனால் உன்னோடு கதைக்கிறேன்.

முறை என்றதும் உனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வாப்பா காணியைப் பிரித்தபோது உள்பக்கத்துத் துண்டு எனக்கும், உப்புத் தண்ணீர்க் களப்புப் பக்கத்துத் துண்டு வீட்டோடு தங்கச்சிக்கும் வந்தது. எல்லையில் இருந்த கிணறு இருவருக்கும் பொது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்து தூங்கியவன், அவளைக் கட்டிக்கொண்டு அந்தக் கிணற்றுக்கும் பங்காளியாக வந்தாய். எங்கள் ஊர் எத்தாளையில் பொதுக் கிணறுகளுக்கு மணிக்கூடு கிடையாது, பாங்குதான் கணக்கு. விடியல் சுபஹு முதல் உச்சி லுஹர் வரை ஒருவர் இறைக்கலாம், பின்னேர அஸர் முதல் அந்தி மஃரிப் வரை மற்றவர். லுஹருக்கும் அஸருக்கும் நடுவில் எவரும் இறைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் ஒருவரிடமும் சரியான பதில் இல்லை. கிணறு ஊறட்டும் என்பார்கள், அவ்வளவுதான்.

காலை முறையை நீ தொடவே இல்லை. சுபஹுக்கு எழும்பப் பஞ்சி என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு காரணம் கண்டுபிடித்தாய். "காலையில நீ இறைக்கிற தண்ணியில பாதிய வெயில் குடிச்சிரும் மச்சான். பின்னேரம் இறைச்சாத்தான் கொச்சிக்காய்க்குப் போகும்" என்றாய். மிளகாய்ப் பாத்தியைச் சாட்டுகிற சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு விளக்கமா என்று நான் சிரித்தேன். அது உண்மைதான் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். மோதினார் அஸர் பாங்கைக் கொஞ்சம் பிந்திச் சொன்னால் நீ வரம்பில் நின்று என்னைப் பார்த்துக் கத்துவாய். மோதினாருக்கு நான் வெங்காயம் கொடுத்து மடக்கி வைத்திருக்கிறேனாம்.

அப்போது மாரி மழை வந்தால் நின்று பெய்யும். நாள் கணக்கில் தூறும், மணல் மெதுவாகக் குடிக்கும், கிணறு கைக்கெட்டுமளவுக்கு நிறையும். பிறகு மழையின் குணம் மாறியது. ஓரிரவில் கொட்டித் தீர்த்துவிட்டு, பாத்திகளையும் கரைத்துக்கொண்டு களப்புக்கு ஓடிவிடும். அதன் பிறகு மாதக் கணக்கில் வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. வெயிலைப் பற்றி முன்பும்தான் முறைப்பட்டோம். ஆனால் முன்பெல்லாம் இரவிலாவது மணல் குளிர்ந்துவிடும். இப்போது இஷா தொழுதுவிட்டு வரும்போதும் கால் சுடுகிறது.

பாடசாலை மண்டபத்தில் விவசாயப் போதனாசிரியர் மிஸ் வகுப்பு எடுத்த நாள் நினைவிருக்கிறதா? எங்கள் மண்ணுக்குக் கீழே கடலிலிருந்து களப்பு வரைக்கும் உப்புத் தண்ணீர்தான், மழைத் தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் அதன் மேல் மிதக்கிறது, நாங்கள் இறைப்பது அந்த மேல் தண்ணீரை மட்டும்தான் என்று படம் கீறிக் காட்டினார். மழை குறைந்தால் மேல் தண்ணீர் மெலியும், கடல் உயர்ந்தால் ஓரத்திலிருந்து உப்பு உள்ளே வரும், ஆழத்திலிருந்து உறிஞ்சினால் உப்புக் கீழிருந்து மேலே வரும் என்றார். பின்வரிசையில் இருந்த நீ எழும்பினாய்.

"மிஸ், அப்ப மீன் ஆணத்துக்கு மேல எண்ணெய் நிக்கிற மாதிரி. அகப்பைய மேலால போட்டா எண்ணெய் வரும், ஆழப் போட்டா ஆணம் வரும். சரியா?"

மண்டபமே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டு, இதைவிட நன்றாகத் தன்னாலும் சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உனக்கு அந்தப் பெருமைதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்குத் தெரியும் மச்சான். நாங்கள் தெரியாமல் செய்யவில்லை.

அடுத்து வந்த கோடையில் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மோட்டரைப் போட்டால் முதலில் கலங்கல், பிறகு மணல், பிறகு வெறும் காற்று. என் பாத்திகளில் வெங்காயம் கிழங்கு கட்டுகிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் போட்டதெல்லாம் போச்சு. நுரைச்சோலைப் பக்கமிருந்து குழாய்க் கிணறு இறக்குகிற ஆட்களைக் கூட்டி வந்து, எல்லையிலிருந்து சற்றுத் தள்ளி என் துண்டில் இறக்கினேன். நீயும் வந்தாய். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைத் தூக்கிப் பிடித்தாய். குழாய் இறங்க இறங்க என் முகத்தைப் பார்த்தாய்.

"அகப்பைய ஆழமாத்தான் போடுற மச்சான்."

"இந்த ஒரு போகம்தானே" என்றேன்.

"சரி, ஒரு போகம்தானே" என்று நீயும் சொன்னாய்.

அன்றைக்கு நான் இன்னொரு காரியமும் செய்தேன். ஊரறிய உன்னிடம், "இனிமே எனக்கு முறை வேணாம். எல்லைக் கிணறு முழுக்க உனக்கு" என்றேன். நீ என்னைக் கட்டிப் பிடித்தாய். தங்கச்சி கண்ணைத் துடைத்தாள். நான் எவ்வளவு பெரிய மனிதன் என்று எனக்கே புல்லரித்துவிட்டது. பள்ளிவாசல் வாசலில் நாலு பேரிடம் நானே அதைச் சொல்லிக்கொண்டேன். மேலே இருக்கிற தண்ணீரை உனக்குக் கொடுத்துவிட்டு, அது எதன் மேல் நின்றதோ அதைக் கீழே இருந்து நான் உறிஞ்சப் போகிறேன் என்பது அந்தப் பெரிய மனிதனுக்கு உறைக்கவில்லை. உறைத்தது, ஆனால் வெங்காயம் கண்ணில் நின்றது.

முறை போனதோடு லுஹருக்கும் அஸருக்கும் நடுவில் கிணறு ஊறுகிற நேரமும் போனது. குழாய்க் கிணற்றில் தண்ணீர் குறையவே இல்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. தண்ணீர் தீர்வதைத்தான் நாங்கள் பரம்பரையாகப் பயந்து வந்திருக்கிறோம். அது தீராமலே வேறொன்றாக மாறும் என்று பயப்பட எங்களுக்குப் பழக்கமில்லை. மோட்டர் காலையிலிருந்து இரவு வரை ஓடியது. அந்தப் போகம் வெங்காயம் நன்றாக வந்தது. அடுத்த போகத்துக்கும் மழை பிந்தியது, அதனால் அதுவும் இந்த ஒரு போகம்தான் என்றானது.

உப்பு முதலில் உன் பக்கத்துக்கு வந்தது. களப்பை அண்டிய துண்டு, மேல் தண்ணீர் அங்கேதான் மெல்லியது. உன் கொச்சிக்காய் இலைகளின் ஓரம் நெருப்புப் பட்டதுபோல் கருகியது. வீட்டில் பருப்பு அவியவில்லை. நீ முதலில் பசளையைக் குறை சொன்னாய். பிறகு விதையை. பிறகு பார்வைபட்டுவிட்டது என்று மௌலவியிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்து பாத்தியில் தெளித்தாய். அந்தத் தண்ணீரையும் உன் கிணற்றிலிருந்துதான் கொண்டுபோயிருந்தாய் என்று தெரிந்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

பிறகு ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு இந்தக் கொட்டிலுக்கு வந்தாய். இப்போது நான் இருக்கிற இதே பலகையில் இருந்தாய். மோட்டர் இரைந்துகொண்டிருந்ததால் உன் பேச்சு முதலில் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நகர்ந்து வந்து சொன்னாய்.

"மச்சான், அஸருக்குப் பொறகு மட்டும் இத நிப்பாட்டிப் பாப்பமா? மஃரிப் வரைக்கும். என்ட பழைய முறை நேரம். கெணறு கொஞ்சம் தெளியுதா என்டு பாக்க."

நீ சண்டைக்கு வரவில்லை. நியாயம் பேசவில்லை. கிணறு முழுக்கத் தந்தேனே என்று நான் சொல்வேனோ என்று பயந்தவன்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். எனக்கு வெங்காயம் பிடுங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"அறுவடை முடியட்டும் மச்சான்" என்றேன்.

"சரி" என்றாய்.

அறுவடை முடிந்தது. நீ மறுபடி கேட்கவில்லை. கேட்காததை நான் வசதியாக எடுத்துக்கொண்டேன். பீட்ரூட் போட்டேன்.

பிறகு நீ தோட்டத்தை விட்டுவிட்டு நுரைச்சோலைப் பக்கம் கட்டட வேலைக்குப் போனாய். அனல்மின் நிலையத்தின் புகைக்குழாய் எங்கள் தோட்டத்திலிருந்தே தெரியும். "உன்ட மோட்டருக்குக் கரண்ட் அங்க இருந்துதான் வருது. நான் கிட்டப் போய்ப் பாத்துக்கிறேன், ஒழுங்கா எரிக்கிறானுகளா என்டு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினாய். நான் சிரித்தேன். நீ சொல்வதற்கெல்லாம் சிரித்தே எனக்குப் பழகிவிட்டது. உச்சி வெயிலில் கொங்கிரீட் தட்டில் நின்று வேலை செய்கிறவன் பின்னேரம் வந்து வாசலில் கதிரையைப் போட்டு, சட்டையைக் கழற்றி, மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன்.

அந்த வருடம்தான் பாடசாலை மண்டபத்தில் பெரிய கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உலகம் சூடாகிறது, மழைக்காலம் குழம்பிவிட்டது, கடல் உயருகிறது, களப்பை அண்டிய காணிகள் உவராகும் என்று சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அதைக் கேட்கக் கேட்க எனக்குள் ஒரு நிம்மதி பரவியது மச்சான். நெஞ்சில் இருந்த பாரத்தை யாரோ வாங்கித் தூரத்தில் வைத்ததுபோல இருந்தது. இது உலகத்தின் வேலை, பெரிய நாடுகளின் வேலை, என் மோட்டரின் வேலையில்லை. தலையை ஆட்டி ஆட்டி என் கழுத்தே வலித்தது. வந்த வேகத்தில் உன் வாசலுக்குப் போய்ச் சொன்னேன்.

"பாத்தியா, உலகம் முழுக்க இப்படித்தானாம்."

நீ கதிரையில் சாய்ந்தபடி இருந்தாய். என் மோட்டர் இரைவது உன் வாசலுக்கு நன்றாகக் கேட்டது.

"ஓம்" என்றாய். "உலகத்துட சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்குது மச்சான்."

நீ என்னைக் குத்திச் சொன்னது அது ஒன்றுதான். அன்றைக்கும் நான் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

நீ வேலைத் தலத்திலேயே சரிந்து விழுந்தாய். புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் என்றார் டாக்டர். வெயிலைப் பற்றியோ உப்பைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் சொல்லவும் முடியாது. என் மோட்டரால்தான் நீ செத்தாய் என்று சொல்ல நான் வரவில்லை. அது உண்மையாக இருக்காது. ஆனால் உன் கிணறு நன்றாக இருந்திருந்தால் அந்த நேரம் நீ கொங்கிரீட் தட்டில் நின்றிருக்கமாட்டாய். கொச்சிக்காய்ப் பாத்திக்குப் பக்கத்தில், தென்னை நிழலில், அஸர் பாங்கைக் காரணம் காட்டித் தூங்கிக்கொண்டிருந்திருப்பாய். இதற்கு அப்பால் என் மனம் போகமாட்டேன் என்கிறது.

உன்னை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது லுஹர் முடிந்து வெகு நேரம் ஆகிவிட்டது. குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். பவுசர் அன்றைக்கு வருகிற நாளில்லை. யாரோ உன் கிணற்றில் வாளியை இறக்கினார்கள். மௌலவி, "உவர்த் தண்ணி என்டாலும் கூடும், கடல் தண்ணியிலயும் குளிப்பாட்டலாம்" என்றார். உள்ளே இருந்த தங்கச்சியின் சத்தம் வெளியே வந்தது.

"அந்தத் தண்ணி வேணாம். இவ்வளவு காலமும் அதுல குளிச்சது போதும் அவருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பி லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் தண்ணீர்த் தாங்கியை ஏற்றிக்கொண்டு இங்கே வந்தேன். மோட்டரைப் போட்டேன். தாங்கி நிரம்பிக்கொண்டிருக்கும்போது அஸர் பாங்கு கேட்டது. உன் முறை நேரத்தில் அந்த மோட்டர் உனக்காக ஓடியது அன்றைக்கு மட்டும்தான். என் காதில் பாங்கும் விழுந்தது, நீ வரம்பில் நின்று கத்துவதும் விழுந்தது. குழாய் தாங்கியை விட்டு விலகியதைக் கவனிக்கவில்லை, தண்ணீர் பாதி மணலில் போனது. நான் நின்ற இடத்தில் அழுதேன், அங்கே ஆள் இல்லாததால்.

அடுத்த நாளிலிருந்து அஸர் பாங்கு கேட்டதும் மோட்டரை நிறுத்திவிடுகிறேன். மஃரிப் வரைக்கும் போடுவதில்லை. லுஹருக்கும் அஸருக்கும் நடுவிலும் போடுவதில்லை. இரவிலும் இல்லை. பழைய முறையில் என் பங்கு என்னவோ அது மட்டும். அந்தத் தண்ணீருக்குப் பாதித் தோட்டம்தான் நனையும், அதனால் பாதியில்தான் வெங்காயம் போடுகிறேன். ஈரம் காயாமல் இருக்கப் பாத்திகளுக்கு மேல் தென்னோலையும் வைக்கோலும் போட்டு மூடுகிறேன். மற்றப் பாதியில் மிஸ் சொன்னபடி பள்ளங்கள் வெட்டி விட்டிருக்கிறேன். கொட்டித் தீர்க்கிற மழை களப்புக்கு ஓடாமல் அதில் நின்று மணலுக்குள் இறங்கட்டும் என்று. உன் வீட்டுக் கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு தாங்கியும் வைத்தாயிற்று.

உன் மையித்தை அடக்கியதிலிருந்து எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று சந்தியில் கதைத்தார்கள். ஓடுகிற மோட்டரை நிறுத்துகிறவனை இந்தப் பக்கத்தில் யார் கண்டது? பிறகு மேற்குப் பக்கத்துக் காணிக்காரர்கள் இருவர் தங்கள் கிணற்றைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, பாங்குக்குப் பாங்கு நிறுத்தத் தொடங்கினார்கள். மற்றவர்கள் இன்னும் இரவு பகலாக ஓட்டுகிறார்கள். அவர்களை ஏச எனக்கு வாயில்லை. எல்லோருக்கும் இந்த ஒரு போகம்தான்.

உப்பு வந்த வேகத்தில் போகாது என்று மிஸ் முன்பே சொல்லிவிட்டார். நல்ல மாரி சில வருடங்கள் தொடர்ந்து பெய்தால் மேல் தண்ணீர் மறுபடி தடிக்கலாம். தடிக்காமலும் போகலாம். கடலைக் கீழே இறக்க எங்களால் முடியாது, மழையைப் பழையபடி வரச் சொல்லவும் முடியாது. இதில் உலகத்தின் பங்கு எவ்வளவு, என் மோட்டரின் பங்கு எவ்வளவு என்று இந்தப் பலகையில் இருந்து எத்தனையோ பின்னேரங்கள் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பிரிக்க முடியவில்லை. பிரித்துவிட்டால் என் பங்கு சின்னதாக வரும் என்கிற ஆசையில்தான் பிரிக்கப் பார்த்தேன் என்பது மட்டும் விளங்கியது. இந்த ஊரில் என் கைக்கு எட்டுகிற சுவிட்ச் இது ஒன்றுதான்.

இனி தங்கச்சி சொன்னதைச் சொல்கிறேன். நீ இங்கே வந்து கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் இது வரைக்கும் அவளிடம் நான் சொன்னதில்லை. அவள் பவுசர் வரிசையில் வாளியோடு நிற்பதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் சொல்லத் தோன்றும். வாய் வராது. இன்றைக்கு நான் வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவளே தொடங்கினாள்.

"நானா, அவர் ஒருக்கா உங்களுட்ட வந்து கேட்டாரு தானே, அஸருக்குப் பொறகு நிப்பாட்டச் சொல்லி."

ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"வந்து எனக்கிட்டச் சொன்னாரு. சந்தோஷமாத்தான் சொன்னாரு. 'மச்சான் அறுவட முடிஞ்சதும் நிப்பாட்டுறேன் என்டிட்டான், கெணறு தெளிஞ்சிரும்' என்டு. ரெண்டாந்தரம் போய்க் கேளுங்க என்டு நான் எத்தனையோ தரம் சொன்னேன். 'அவன் சொன்னாச் செய்வான், நான் திருப்பிக் கேட்டா அவனுக்கு மனசு நோகும்' என்டு போகவே இல்ல."

நீ மனம் வெறுத்துத்தான் கேட்காமல் விட்டாய் என்று நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என் மேல் கோபம் என்று நினைத்திருந்தேன். அது எனக்கு ஒரு விதத்தில் வசதியாகவும் இருந்தது, கோபக்காரனுக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொள்ளலாம். நீ என்னை நம்பிக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்திருக்கிறாய். வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு, என் மோட்டர் எப்போது நிற்கும் என்று காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி கோப்பையை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் ஏச்சும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

"நாளைக்கு வாறேன். உன்ட கெணத்துத் தண்ணியிலயே ஊத்து" என்றேன். "சீனி போடாதே."

மஃரிப் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. பாத்திகள் வெறுமையாகக் கிடக்கின்றன, பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலின் கூரை வளையில் தொங்கவிட்டிருக்கிறேன். கொட்டிலுக்குள் ஒரு சத்தமும் இல்லை. உன் வாசல் வரைக்கும் ஒரு சத்தமும் கேட்காது.

அறுவடை முடிந்துவிட்டது மச்சான். மோட்டரை நிறுத்திவிட்டேன்.